ஓர் ஆட்டக்காரரின் விலை என்ன?

சற்று நீண்ட பதிவு. காபியோ தேநீரோ பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

மகன் வீட்டுக்கு டொரான்டோ வந்து மூன்று மாதம் ஆகிறது. வெளியே பனி. வீட்டுக்குள் ஐஸ் ஹாக்கி. பத்தாம் வகுப்புப் படிக்கும் பேரன் இரவு உணவின்போதுகூட நண்பனோடு போனில் வாதாடிக்கொண்டிருக்கிறான். ஒருநாள் அவன் சொன்ன ஒரு வாக்கியம் என் காதில் விழுந்து அங்கேயே தங்கிவிட்டது.

"அந்த ஆளுக்கு டிரேடு வேல்யூவே கிடையாது. அவனைக் கூட்டிட்டுப் போகணும்னா நாமதான் மேல ஏதாவது குடுக்கணும்."

போனை வைத்ததும் கேட்டேன். "ஏன்ப்பா, அவர் நல்லா ஆடமாட்டாரா?"

"நல்லாத்தான் ஆடுவார் தாத்தா. ஆனா காண்ட்ராக்ட் இன்னும் நாலு வருஷம் இருக்கு. சம்பளம் ஜாஸ்தி. அதனால மைனஸ்."

நன்றாக வேலை செய்யும் ஒரு மனிதருக்கு விலை சுழியத்துக்கும் கீழே போக முடியுமா? முப்பத்து நான்கு ஆண்டுகள் வரலாறு எடுத்தவன் நான். ஒரு சொல் புரியவில்லை என்றால் அது பிறந்த இடத்தைத் தேடிப் போவது பழக்கம். பக்கத்து நூலகத்தில் ஹாக்கி வரலாற்று நூல்கள் ஒரு அலமாரி நிறைய இருக்கின்றன. படித்ததை உங்களோடு பகிர்கிறேன்.

முதலில் ஒரு விளக்கம். என்.எச்.எல். எனப்படும் தேசிய ஹாக்கி லீக் 1917-இல் மாண்ட்ரியலில் தொடங்கப்பட்டது. இன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் 32 அணிகள். இங்கே 'டிரேடு' என்பது பெரும்பாலும் பண்டமாற்று. ஓர் அணி தன் ஆட்டக்காரரைக் கொடுத்து, இன்னோர் அணியின் ஆட்டக்காரரையோ, இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்ட்' வரிசையில் அந்த அணிக்குள்ள இடத்தையோ வாங்கிக்கொள்ளும். ஆட்டக்காரரோடு அவருடைய ஒப்பந்தமும் சேர்ந்தே போகும். அதில் சிறப்பு நிபந்தனை எதுவும் இல்லையென்றால் அவருடைய சம்மதம் தேவையில்லை. காலையில் ஓர் ஊரில் பயிற்சி, மாலையில் வேறோர் ஊருக்கு விமானம்.

இந்த வழக்கம் எப்படி வந்தது?

1942 முதல் 1967 வரை என்.எச்.எல்.-இல் ஆறே அணிகள். மாண்ட்ரியல், டொரான்டோ, பாஸ்டன், நியூயார்க், டெட்ராய்ட், சிகாகோ. ஓர் அணிக்கு இருபது பேர் என்று வைத்தால் உலகத்திலேயே சுமார் 120 பேருக்குத்தான் அந்த வேலை. வெளியே ஆயிரக்கணக்கானோர் காத்திருந்தார்கள். ஒப்பந்தத்தில் 'ரிசர்வ் கிளாஸ்' என்றொரு பிரிவு இருந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் ஆட்டக்காரர் அந்த அணிக்கே உரியவர் என்பது அதன் சாரம். அவர் கேட்ட சம்பளம் கிடைக்கவில்லையா? வேறு அணிக்குப் போக முடியாது. கொடுத்ததை வாங்கிக்கொண்டு ஆடலாம், இல்லையென்றால் வீட்டில் உட்காரலாம். ஆனால் அணி நினைத்தால் அவரை எங்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். கதவு ஒன்றுதான். சாவி மட்டும் உள்ளே இருப்பவரிடம் இல்லை.

சிறுவயதிலேயே இந்தக் கட்டு தொடங்கிவிடும். பிற்காலத்தில் மாபெரும் ஆட்டக்காரர் ஆன பாபி ஆர், பாஸ்டன் அணியோடு பிணைக்கப்பட்டபோது அவருக்கு வயது 14.

கோர்டி ஹோவ் என்றொருவர். ஹாக்கி வரலாற்றின் மிகப்பெரிய பெயர்களில் ஒன்று. 1946-இல் டெட்ராய்ட் அணிக்காக அவர் ஒப்பந்தம் போட்டபோது வைத்த பெரிய நிபந்தனை என்ன தெரியுமா? அணியின் பெயர் பொறித்த ஒரு ஜாக்கெட். பதினெட்டு வயதுப் பையன், வேறென்ன கேட்பான்? அந்த ஜாக்கெட்டும் உடனே கைக்கு வரவில்லை என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

அதே டெட்ராய்ட் அணியில் ஹோவின் பக்கத்தில் ஆடியவர் டெட் லிண்ட்சே. உயரம் குறைவு, முரட்டு ஆட்டம், முகமெல்லாம் தையல். 1950, 1952, 1954, 1955 என்று நான்கு முறை அந்த அணி ஸ்டான்லி கோப்பை வென்றபோது இருவரும் தூண்கள்.

என்.எச்.எல்.-இல் 1947-இல் ஓர் ஓய்வூதியத் திட்டம் தொடங்கப்பட்டது. ஒவ்வோர் ஆட்டக்காரரும் ஆண்டுக்கு 900 டாலர் கட்ட வேண்டும். அன்றைய சம்பளத்தில் அது சின்னத் தொகை அல்ல. அந்தப் பணம் எங்கே போகிறது, எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று லிண்ட்சே கேட்டார். கணக்கைக் காட்ட மறுத்துவிட்டார்கள்.

கவனியுங்கள், அவர் சம்பள உயர்வோடு தொடங்கவில்லை. புரட்சியும் பேசவில்லை. "கணக்கைக் காட்டுங்கள்" என்றார். அவ்வளவுதான்.

பிறகு அவர் மற்ற அணியினரோடு ரகசியமாகப் பேசத் தொடங்கினார். அந்தக் காலத்தில் எதிரணி ஆட்டக்காரரோடு பேசுவதே குற்றம் போலப் பார்க்கப்பட்டது. ஒரே ரயிலில் இரண்டு அணிகள் போனாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள். அப்படிப்பட்டவர்களை ஒன்று சேர்த்து, 1957 பிப்ரவரியில் நியூயார்க்கில் ஆட்டக்காரர் சங்கம் உருவானதாக அறிவித்தார். லிண்ட்சே தலைவர். மாண்ட்ரியலின் டக் ஹார்வி, டொரான்டோவின் ஜிம்மி தாம்சன் போன்றவர்கள் நிர்வாகிகள்.

அந்த 1956-57 பருவத்தில் லிண்ட்சேயின் ஆட்டம் எப்படி? 30 கோல், 55 உதவி, மொத்தம் 85 புள்ளிகள். லீகிலேயே இரண்டாம் இடம். முதலிடம் 89 புள்ளிகளோடு நண்பர் ஹோவுக்கு. அந்த ஆண்டின் முதல் நட்சத்திர அணியிலும் லிண்ட்சே இருந்தார். என் பேரனின் மொழியில் சொன்னால் அவருடைய டிரேடு வேல்யூ உச்சத்தில் இருந்தது.

1957 ஜூலையில் டெட்ராய்ட் மேலாளர் ஜாக் ஆடம்ஸ் அவரைச் சிகாகோவுக்கு அனுப்பினார். சிகாகோ அப்போது தரவரிசையின் அடியில் கிடந்த அணி. கூடவே கோல்கீப்பர் க்ளென் ஹாலையும் அனுப்பினார். ஹாலும் அந்த ஆண்டின் முதல் நட்சத்திர அணியில் இருந்தவர்! பதிலுக்கு வந்தவர்கள் நான்கு பேர். அவர்களில் ஒருவர்கூட அந்த இருவரின் தரத்துக்குப் பக்கத்தில் இல்லை. பழைய கோல்கீப்பர் டெர்ரி சாச்சக்கை டெட்ராய்ட் திரும்ப வாங்கியிருந்ததால் ஹாலுக்கு இடமில்லை என்று ஒரு காரணம் சொல்லலாம். லிண்ட்சே விஷயத்தில் அப்படி எந்தக் காரணமும் இல்லை. அதே கோடையில் டொரான்டோ தன் ஜிம்மி தாம்சனையும் சிகாகோவுக்கு விற்றது. சங்க நிர்வாகிகள் போய்ச் சேரும் ஊராகச் சிகாகோ மாறியது.

இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பணியில் சேர்ந்த புதிதில் எங்கள் பள்ளியில் ஒரு மூத்த கணக்காசிரியர் இருந்தார். சங்கக் கூட்டத்தில் எழுந்து, பிடித்தம் செய்த பணத்துக்குக் கணக்குக் கேட்டார். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது அவர் இல்லை. 200 கிலோமீட்டருக்கு அப்பால் ஓர் ஊருக்கு மாற்றல். ஆணையில் இருந்த காரணம், 'நிர்வாக நலன் கருதி'. ஹாக்கியில் அதற்கு 'டிரேடு' என்று பெயர். அவ்வளவுதான் வேறுபாடு.

சங்கம் என்ன ஆயிற்று? 1957 அக்டோபரில் லீகின் மீது 30 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார்கள். நவம்பரில் முதலில் விலகிய அணி எது தெரியுமா? லிண்ட்சேயின் சொந்த டெட்ராய்ட். ஹோவும் விலகினார். பிறகு மாண்ட்ரியலும் போயிற்று. 1958 பிப்ரவரியில் சமரசம். குறைந்தபட்சச் சம்பளம் 7000 டாலர் என்பது போன்ற சில சலுகைகள் கிடைத்தன. சங்கம் கலைந்தது.

டெட்ராய்டுக்கு என்ன லாபம்? க்ளென் ஹால் இடையில் ஓர் ஆட்டம்கூட விடாமல் தொடர்ந்து 502 ஆட்டங்கள் ஆடி சாதனை படைத்தார். முகமூடி இல்லாமல் கோல்கீப்பர்கள் நின்ற காலம் அது! 1961-இல் அவரை வைத்துச் சிகாகோ கோப்பை வென்றது. 1955-இல் வென்ற டெட்ராய்ட் அடுத்த கோப்பையைத் தொட்டது 1997-இல். நாற்பத்திரண்டு ஆண்டுகள். எல்லாம் அந்த ஒரு மாற்றலால் என்று நான் சொல்லமாட்டேன், வரலாறு அவ்வளவு எளிதல்ல. ஆனால் ஒன்று தெளிவு. அந்த டிரேடில் ஆட்டத்தின் மதிப்பை யாரும் எடைபோடவில்லை. கீழ்ப்படிதலைத்தான் எடைபோட்டார்கள்.

இப்போது மறுபடியும் கோர்டி ஹோவிடம் வருவோம். சங்கத்திலிருந்து விலகி, நிர்வாகத்தை நம்பி, அமைதியாக ஆடிக்கொண்டிருந்தார். தன் அணியில் தனக்குத்தான் அதிகச் சம்பளம் என்று அவர் நம்பினார். நிர்வாகம் அப்படித்தான் நம்ப வைத்திருந்தது. 1960-களின் இறுதியில், டொரான்டோவில் பெயர் வாங்கிய பாப் பான் டெட்ராய்டுக்கு வந்தார். ஒருநாள் பேச்சுவாக்கில் தன் சம்பளத்தைச் சொன்னார். ஹோவைவிட அதிகம்! அப்போது ஹோவுக்கு 45,000 டாலர். நாற்பது வயதிலும் ஒரே பருவத்தில் நூறு புள்ளிகளைத் தாண்டக்கூடிய மனிதர் அவர். நேரே உரிமையாளரிடம் போய் ஒரு லட்சம் கேட்டார். உரிமையாளர் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார்.

அந்த 'மறுபேச்சில்லாமல்' என்பதுதான் ஹோவை மிகவும் புண்படுத்தியிருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் இவ்வளவு காலமும் கொடுத்திருக்கலாமே! கேட்கத் தெரியாததால் கொடுக்கவில்லை. பக்கத்து நாற்காலிக்காரரின் சம்பளம் தெரியாததால் கேட்கத் தெரியவில்லை.

1972-இல் கதவு வேறொரு பக்கம் திறந்தது. உலக ஹாக்கி சங்கம் என்ற பெயரில் போட்டி லீக் ஒன்று தொடங்கியது. சிகாகோவின் நட்சத்திரம் பாபி ஹல்லுக்கு ஜூன் 27 அன்று வினிபெக் நகரில், நடுத்தெருவில் கூட்டம் கூடிப் பார்க்க, பத்து லட்சம் டாலர் முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் போட்டார்கள். என்.எச்.எல். ரிசர்வ் கிளாஸைக் காட்டி நீதிமன்றம் போயிற்று.

பிலடெல்பியா நீதிமன்றத்தில் அந்த விவகாரத்தை விசாரித்த நீதிபதி லியோன் ஹிக்கின்பாதம். கறுப்பினத்தவர். அமெரிக்கச் சட்டம் அடிமை முறையை எப்படிக் காத்தது என்பதை ஆராய்ந்து பின்னாளில் புகழ்பெற்ற நூல் எழுதியவர். 1972 நவம்பரில் அவர், ரிசர்வ் கிளாஸைக் காட்டி ஆட்டக்காரர்களைத் தடுக்க என்.எச்.எல்.-க்குத் தடை விதித்தார். ஹல் மட்டுமல்ல, பலரும் புதிய லீகுக்குப் போனார்கள். தங்கியவர்களுக்கும் சம்பளம் ஏறியது. ஆட்டம் அதே ஆட்டம், ஆட்டக்காரர்களும் அவர்களே. வாங்க இன்னொருவர் வந்ததும் விலை மாறியது. புதிய லீக் 1979-இல் முடிந்தது. அதன் நான்கு அணிகள் என்.எச்.எல்.-இல் சேர்ந்தன.

இதற்கிடையில் 1967-இல் ஆட்டக்காரர் சங்கம் மீண்டும் பிறந்திருந்தது. இந்த முறை அதை நடத்தியவர் ஆலன் ஈகிள்சன் என்ற வழக்கறிஞர். இங்கே ஒரு கசப்பான பாடம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் ஒருபக்க வரலாறு சொன்னவன் ஆவேன்.

ஈகிள்சன் சங்கத்துக்கும் தலைமை, தனித்தனி ஆட்டக்காரர்களுக்கும் முகவர், சர்வதேசப் போட்டிகளுக்கும் ஏற்பாட்டாளர். எல்லாக் கணக்கும் அவர் கையில். 1976-இல் பாஸ்டன் அணி பாபி ஆருக்கு அணியின் 18.5 சதவீதப் பங்கையே தர முன்வந்தது. அந்தச் செய்தி ஆருக்குப் போய்ச் சேரவே இல்லை. அவர் சிகாகோவுக்குப் போனார். முழங்கால் உடைந்து, 1978-இல் கிட்டத்தட்டக் கையில் ஒன்றுமில்லாமல் ஓய்வு பெற்றார். மாசசூசெட்ஸில் ஒரு சிறிய நாளிதழின் விளையாட்டுச் செய்தியாளர் ரஸ் கான்வே பல ஆண்டுகள் தோண்டி எடுத்து எழுதினார். 1998-இல் ஈகிள்சன் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 18 மாதச் சிறைத்தண்டனை. ஹாக்கியின் புகழ் மண்டபத்திலிருந்தும் வெளியேறினார்.

முதலாளி கணக்கை மறைத்தால் சங்கம் வேண்டும். சங்கமே கணக்கை மறைத்தால்? அப்போதும் மருந்து ஒன்றுதான். கணக்கைக் காட்டச் சொல்வது.

அந்த ஓய்வூதியக் கணக்கும் ஒருநாள் வெளியே வந்தது. 1991-இல் கார்ல் புரூவர் முன்னின்று, ஹோவ், ஹல் உள்ளிட்ட முன்னாள் ஆட்டக்காரர்கள் சிலர் ஒன்டாரியோ நீதிமன்றம் போனார்கள். ஓய்வூதிய நிதியில் சேர்ந்த உபரியை லீக் தன் வசதிக்குப் பயன்படுத்தியது என்பது வழக்கு. 1992-இல் தீர்ப்பு ஆட்டக்காரர்கள் பக்கம். 1994-இல் மேல்முறையீட்டு வழிகளும் முடிந்தன. பல கோடி டாலர் அந்த முதியவர்களுக்குத் திரும்பியது. லிண்ட்சே கேட்ட கேள்விக்கு 35 ஆண்டு கழித்து வந்த பதில் இது. 1957-இல் விலகிய ஹோவ் 1991-இல் வழக்குப் போட்டவர்களில் ஒருவராக நின்றார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இப்போது டிரேடு பக்கம் திரும்புவோம். 1988 ஆகஸ்ட் 9. வேய்ன் கிரெட்ஸ்கி என்ற பெயர் ஹாக்கி தெரியாதவர்களுக்கும் தெரியும். எட்மன்டன் அணிக்கு நான்கு கோப்பை வென்று கொடுத்தவர். அவரை உரிமையாளர் பீட்டர் பாக்லிங்டன் லாஸ் ஏஞ்சல்ஸ் அணிக்குக் கொடுத்தார். பதிலுக்கு இரண்டு இளம் ஆட்டக்காரர்கள், மூன்று முதல் சுற்று டிராஃப்ட் இடங்கள், 1.5 கோடி அமெரிக்க டாலர் ரொக்கம். கிரெட்ஸ்கியோடு இன்னும் இருவர் போனார்கள். செய்தியாளர் கூட்டத்தில் கிரெட்ஸ்கி அழுதார். நெல்சன் ரீஸ் என்ற எதிர்க்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர், அரசு தலையிட்டு இதைத் தடுக்க வேண்டும் என்றார்.

இந்த டிரேடில் யாருக்கு லாபம் என்று இன்றும் இங்கே வாதாடுகிறார்கள். கிரெட்ஸ்கி இல்லாமலே எட்மன்டன் 1990-இல் கோப்பை வென்றது. கிரெட்ஸ்கி இருந்தவரை லாஸ் ஏஞ்சல்ஸ் கோப்பை வெல்லவில்லை. ஆனால் கலிபோர்னியாவில் ஹாக்கி வேர்விட்டது, சில ஆண்டுகளில் அங்கே மேலும் இரண்டு அணிகள் முளைத்தன. கோப்பையை வைத்து அளந்தால் ஒரு விடை, டிக்கெட் விற்பனையை வைத்து அளந்தால் வேறு விடை. அளவுகோல் யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதே மதிப்பு.

1989-90 பருவத்தில்தான் சங்கம் எல்லா ஆட்டக்காரர்களின் சம்பளத்தையும் வெளிப்படையாக அறிவிக்கச் செய்தது. ஹோவுக்கு நேர்ந்தது இனி யாருக்கும் நேரக்கூடாது. பத்திரிகையில் பட்டியல் வந்ததும் ஒவ்வொருவரும் தன்னைப் பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சம்பளங்கள் தாவி ஏறின.

ஆனாலும் மனிதரைப் பொருளாக எண்ணும் வழக்கம் போய்விடவில்லை. ஸ்காட் ஸ்டீவன்ஸ் என்ற தடுப்பாட்டக்காரர் 1990-இல் செயின்ட் லூயிஸ் அணியோடு தானே பேசி ஒப்பந்தம் போட்டார். அவரை இழந்த வாஷிங்டனுக்கு ஐந்து முதல் சுற்று டிராஃப்ட் இடங்கள் ஈடாகப் போயின. அடுத்த ஆண்டே செயின்ட் லூயிஸ், நியூஜெர்சியின் பிரெண்டன் ஷனஹானை ஒப்பந்தம் செய்தது. அதற்கு ஈடு என்ன? ஒரு மத்தியஸ்தர் தீர்ப்புச் சொன்னார்: ஸ்டீவன்ஸைக் கொடு. தன் விருப்பத்தில் ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்துப் போன மனிதர், யாரோ ஒருவரை வாங்கியதற்கு அபராதமாக வேறோர் ஊருக்கு அனுப்பப்பட்டார். முதலில் போக மறுத்தார். வேறு வழியில்லாமல் போனார். பின்னர் அதே நியூஜெர்சிக்குத் தலைவராகி மூன்று கோப்பை வென்றார் என்பது வேறு கதை.

இப்போது என் பேரனின் 'மைனஸ்' கதைக்கு வருகிறேன்.

சம்பளம் ஏற ஏற, உரிமையாளர்கள் உச்சவரம்பு வேண்டும் என்றார்கள். ஆட்டக்காரர்கள் மறுத்தார்கள். 2004-இல் உரிமையாளர்கள் கதவடைப்புச் செய்தார்கள். 2005 பிப்ரவரி 16 அன்று முழுப் பருவமும் ரத்து என்று ஆணையர் கேரி பெட்மன் அறிவித்தார். வட அமெரிக்காவின் பெரிய லீகுகளில் சம்பளத் தகராறால் ஒரு முழுப் பருவம் போனது அதுவே முதல் முறை. கடைசியில் ஆட்டக்காரர்கள் இறங்கி வந்தார்கள். இருந்த ஒப்பந்தங்களில் 24 சதவீதம் வெட்டு. ஓர் அணி மொத்தச் சம்பளமாக 3.9 கோடி டாலருக்கு மேல் கொடுக்கக்கூடாது. அந்த வரம்பு வருமானத்தோடு சேர்ந்து ஏறி, 2025-26 பருவத்துக்கு 9.55 கோடி ஆகியிருக்கிறது. குறைந்தபட்சம் இவ்வளவு கொடுத்தே ஆகவேண்டும் என்று கீழ்வரம்பும் உண்டு.

ஐ.பி.எல். ஏலம் பார்ப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். பை நிறைந்துவிட்டால் யாரையும் வாங்க முடியாது. எனவே ஓர் ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு டாலரும் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாத டாலர். அன்று முதல் ஆட்டக்காரரின் மதிப்பு என்றால் அவருடைய ஆட்டத்திலிருந்து அவருடைய சம்பளத்தைக் கழித்து மிஞ்சுவது. பேரன் சொன்ன கணக்கு இதுதான். மேலாளர் ஆசையில் அள்ளிக் கொடுத்து ஏழெட்டு ஆண்டுக்கு எழுதிய ஒப்பந்தம், நான்காம் ஆண்டில் ஆட்டக்காரரின் கழுத்தில் விலைச்சீட்டாகத் தொங்குகிறது.

இந்தக் கணக்கு எங்கே கொண்டுபோய் விட்டது தெரியுமா? கிறிஸ் பிராங்கர் என்ற பெரிய ஆட்டக்காரர் 2011 நவம்பரில் காயம்பட்டு வெளியேறினார். அதன்பின் களமிறங்கவே இல்லை. ஆனால் ஒப்பந்தம் முடியவில்லை. 2015 ஜூனில் பிலடெல்பியா அவரை, அதாவது அவருடைய காகிதத்தை, அரிசோனாவுக்கு டிரேடு செய்தது. அவருக்கு உண்மையில் கொடுக்க வேண்டியது ஆண்டுக்கு 5.75 லட்சம் டாலர்தான். ஆனால் சராசரிக் கணக்கில் வரம்புக்குள் அது ஏறத்தாழ 49 லட்சமாகப் பதிவாகும். செலவு செய்ய வசதியில்லாத அரிசோனா, கீழ்வரம்பைத் தொடுவதற்கு அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டது. அதே ஆண்டு நவம்பரில் பிராங்கர் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டபோது, ஏட்டில் அவர் ஓர் அரிசோனா ஆட்டக்காரர்! அந்த நேரத்தில் அவர் லீகின் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஆண்டு டெட்ராய்டும் இதையே செய்தது. பாவெல் டாட்சூக் தாய்நாடான ரஷ்யாவுக்குத் திரும்பிவிட முடிவு செய்தார். ஆனால் 75 லட்சம் டாலர் வரம்புக் கணக்கில் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. அந்தக் கணக்கை ஏற்றுக்கொள்ள, டிராஃப்டில் தன் 16-ஆம் இடத்தை அரிசோனாவுக்குக் கொடுத்து, அதைவிடப் பின்னால் இருந்த இடங்களை வாங்கிக்கொண்டது டெட்ராய்ட்.

1957-இல் டெட்ராய்ட் மனிதரை அனுப்பியது. 2016-இல் மனிதர் இல்லாமலேயே ஒப்பந்தத்தை அனுப்பியது.

இதெல்லாம் படித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரனை உட்கார வைத்துச் சொன்னேன். லிண்ட்சே கதை முழுவதும் கேட்டான். வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு நல்ல கேள்வி கேட்டான். "ஆனா தாத்தா, இப்ப அவங்க எல்லாரும் கோடீஸ்வரங்க. அவங்களுக்காக எதுக்கு வருத்தப்படணும்?"

நியாயமான கேள்வி. வருத்தப்பட வேண்டாம்தான். இன்று எல்லாருடைய ஒப்பந்தமும் எல்லாருக்கும் தெரிகிறது. 27 வயதையோ ஏழு பருவங்களையோ கடந்தவர்கள், 'என் சம்மதமில்லாமல் என்னை அனுப்பக்கூடாது' என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்க முடிகிறது. அணியின் நிர்வாகக் கணக்கும் சங்கத்தின் பார்வைக்கு வருகிறது. என் பேரனும் அவன் நண்பனும் போனில் உட்கார்ந்து ஓர் ஆட்டக்காரரின் சம்பளத்தைக் காசு சுத்தமாகச் சொல்லி வாதாட முடிகிறதே, அதுவே ஒரு வெற்றியின் விளைவு. 1957-இல் லிண்ட்சேக்கே அடுத்தவர் சம்பளம் தெரியாது.

ஆனால் அவனிடம் இன்னொன்றும் சொன்னேன். "அவருக்கு மதிப்பில்லை என்று சொல்லாதே. அந்த ஒப்பந்தத்துக்கு மதிப்பில்லை என்று சொல். ஒப்பந்தத்தை எழுதியது அவர் மட்டுமல்ல, எதிரே உட்கார்ந்து கையெழுத்துப் போட்ட மேலாளரும்தான்."

யோசித்தான். "சரி தாத்தா" என்றான். மறுநாள் போனில் அவன் பேசியதைக் கேட்டேன். "காண்ட்ராக்ட்தான் மைனஸ், ஆளு ஓகே" என்று நண்பனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். ஓய்வு பெற்ற வாத்தியாருக்கு வேறென்ன வேண்டும்?

லிண்ட்சே பற்றி இன்னும் இரண்டு செய்தி சொல்லி முடிக்கிறேன். 1966-இல் அவரைப் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள். விருந்துக்கு ஆண்களுக்கு மட்டுமே அனுமதி. மனைவியும் பிள்ளைகளும் வரமுடியாத விழாவுக்கு நான் வரமாட்டேன் என்று அவர் போகவில்லை. அடுத்த ஆண்டு விதியை மாற்றினார்கள்.

ஆட்டக்காரர்களே வாக்களித்துச் சிறந்த ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் விருது ஒன்று உண்டு. 2010-இல் அதற்கு டெட் லிண்ட்சே விருது என்று பெயர் மாற்றினார்கள். அவர் 2019 மார்ச்சில் 93 வயதில் மறைந்தார். கோடிகளில் சம்பளம் வாங்கும் இளைஞர்கள் ஒவ்வோர் ஆண்டும், கணக்கைக் காட்டச் சொன்னதற்காக அனுப்பப்பட்ட ஒரு மனிதரின் பெயரைக் கையில் ஏந்துகிறார்கள்.

எங்கள் கணக்காசிரியர் பெயரில் விருது எதுவும் இல்லை. புது ஊரில் ஆறு ஆண்டு இருந்து, அங்கேயே ஓய்வு பெற்றார். அவர் கேட்ட கணக்கு எங்களுக்குப் பிறகு வந்தது.

உங்கள் அலுவலகத்திலும் பள்ளியிலும் இப்படி 'நிர்வாக நலன் கருதி' அனுப்பப்பட்டவர்கள் இருந்திருப்பார்கள். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், அந்த மனிதரைப் பற்றி மட்டும் பின்னூட்டத்தில் நாலு வரி எழுதுங்கள். வாசிக்கிறேன்.

அன்புடன்.